பாக்கியம் கூப்பிட்ட இடம்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். முதல் கேள்வி, "எப்படி இருக்கீங்க?" அதற்குப் பதில் வேண்டாம். நான் வாயைத் திறப்பதற்குள் பிஸ்கட் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்கு மட்டும் குரல் இறங்கும். "அந்த நேரத்துல உங்களுக்கு என்னா தெரிஞ்சுச்சு?" நான் ஏதோ சிங்கப்பூருக்குப் போய் வந்தவள் மாதிரி, அங்கே என்ன பார்த்தாய், என்ன கொண்டுவந்தாய் என்று கேட்பார்கள். "ஒண்ணும் தெரியலலா, தூங்குன மாதிரி இருந்துச்சு" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். முகம் தொங்கிப்போய்த் தேநீரைக் குடித்துவிட்டுப் புறப்படுவார்கள்.

இப்போது எழுதுகிறேன் என்றால், வேறு வேலை இல்லை என்பதுதான் காரணம். பாச்சாங்கில் "சரோஜா ஆண்டி வேன்" என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். என் மகள் யாழினி வயிற்றில் இருந்தபோது ஓட்ட ஆரம்பித்த பள்ளி வேன். இன்று அவளே இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மறுபடி வலிப்பு வரலாம் என்பதால் இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையிலும் மதியமும் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தியே பழகிய தொண்டை இது. வீட்டில் கத்துவதற்கு என் வீட்டுக்காரர் ஒருவர்தான் இருக்கிறார், அவரும் நான் கத்தினால் டயர் கடைக்குக் கிளம்பிவிடுகிறார். இந்த நோய் இன்னொருவர் வீட்டில் வந்தால் அவர்கள் படித்துப் பார்க்கட்டும் என்று எழுதுகிறேன்.

காய்ச்சல் வந்ததும் டிங்கி என்றுதான் நினைத்தோம். இந்த ஊரில் யாருக்கு உடம்பு சுட்டாலும் முதல் சந்தேகம் கொசுமேல்தான். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து டிங்கி இல்லை என்றார்கள். அப்பாடா என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளே வேனை எடுத்துவிட்டேன். தலைவலி மட்டும் விடவில்லை. அதோடு ஒரு வாடை. நான் பிறந்த தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகைக்கொட்டகையில் போட்டுக் காய வைப்பார்களே, அந்த வாடை வேனுக்குள் வந்தது. "எவன்டா என்னத்தைக் கொளுத்துறது?" என்று பின்னால் திரும்பிக் கத்தினேன். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். ஒரு சின்னப் பெண்ணை அவள் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் அம்மாவும் ஒரு காலத்தில் என் வேனில் வந்தவள்தான். "ஆண்டி, அது எங்கம்மா பேரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் அவள் பெயர் எனக்கு வரவே இல்லை.

அன்று மதியம் பிள்ளைகளையெல்லாம் இறக்கி முடித்தாயிற்று. வீட்டுக்குப் போக வேண்டியவள் வண்டியை ஏன் கிளேபாங் பக்கம் திருப்பினேன் என்று இன்றுவரை தெரியாது. இளநீர்க் கடைகள் வரிசையாக இருக்கிற இடத்தில் நிறுத்தினேன். கதவைத் திறந்தேன். கண் கூசும் வெயில். அவ்வளவுதான் என் கையிருப்பு. மற்றதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது. விழுந்ததும் கை கால் இழுத்துக்கொண்டதாம். கடை வைத்திருந்த ஒரு மலாய்க்காரரும் அவர் மனைவியும் தங்கள் காடியின் பின்சீட்டில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அரைமணி நேரம் முந்தி அந்த வேன் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள்.

நோயின் பெயர் மூளைக்காய்ச்சல். வாயோரத்தில் சின்னக் கொப்புளம் போடுமே, அதே கிருமிதான். எத்தனையோ பேர் உடம்பில் சும்மா படுத்துக் கிடக்கும். எங்கேயோ பல லட்சத்தில் ஒருவருக்கு அது மூளைக்கு ஏறிவிடுகிறது. ஏறினால் காதுக்கு உட்பக்கமாக இருக்கிற பகுதியைத்தான் முதலில் பிடிக்குமாம். வாடை, ஞாபகம், பேர், முகம் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. நான் பிள்ளைகளைத் திட்டினேனே, அந்தப் புகை வேனில் இல்லை, என் மண்டைக்குள் இருந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். தமிழ்ப் பெண் அவர், யாழினியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்.

முதுகெலும்புக்கு நடுவில் ஊசி போட்டுத் தண்ணீர் மாதிரி ஒன்றை எடுப்பார்கள். மூளையைச் சுற்றி இருக்கிற நீரும் அதுவும் ஒன்றுதானாம், அதில் கிருமி தெரிந்துவிடும். முதுகில் ஊசி என்றதும் என் வீட்டுக்காரர் மணியம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றிருக்கிறார். அதில் கால் விளங்காமல் போய்விடும் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். யாழினிதான் வெளியே இழுத்துப்போய்ப் புரியவைத்து அழைத்துவந்தாள். தலை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஒயர் ஒட்டி மூளையின் மின்சாரத்தைக் கோடு கோடாக எழுதிப் பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ. என்கிற காந்தக் குழாய்க்குள்ளும் தள்ளினார்கள். நரம்பு வழியாக மருந்து, மூச்சுக்கு மெஷின், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டில். இத்தனையும் நடந்திருக்கிறது, ஒன்றுக்கும் நான் அங்கே இல்லை.

வெளியே இருந்தவர்கள் பாடுதான் பாடு. உள்ளே ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஜாகாவுக்கு மணியத்தின் முகம் மனப்பாடம் ஆகிவிட்டது. "பக்சிக், பசியாறிட்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று மலாயில் சொல்லி அனுப்புவாராம். யாழினி பள்ளி முடிந்து அதே உடையோடு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி மாணவர்களின் தாளைத் திருத்துவாள். பக்கத்து நாற்காலிச் சீனக் கிழவர் ஒருவர் தினமும் அவளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இவர்கள் யாரையும் கேட்கவில்லை.

இங்கேதான் பாக்கியம் வருகிறாள். என் ஒரே தங்கை. அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில், நாங்கள் பிறந்த அதே லயத்து வீடுகளில் ஒன்றில்தான் இன்னும் இருக்கிறாள். செம்பனை நாற்று மேட்டில் வேலை. கட்டிலில் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் அழவில்லையாம். "மாமா, இது எங்கக்கா இல்ல. உடம்புதான் கெடக்கு. அது விழுந்த எடத்துலயே பயந்துபோய் நிக்குது. போய்க் கூப்பிட்டாதான் வரும்" என்றாள்.

எங்கள் தோட்டத்தில் இது வழக்கம். மரத்திலிருந்து விழுந்தவர், லோரியில் அடிபட்டவர், திடீரென்று மயங்கிச் சாய்ந்தவர், யாராக இருந்தாலும் உயிரின் ஒரு பங்கு அதிர்ந்து அங்கேயே நின்றுவிடும் என்பார்கள். அவர் உடுத்திக் கழற்றிய துணியில் ஓர் எலுமிச்சம்பழத்தை முடிந்துகொண்டு, விழுந்த இடத்துக்குப் போய் மூன்று தடவை கூப்பிட வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்கவும் கூடாது, யாரிடமும் பேசவும் கூடாது. வீட்டு வாசலுக்கு வந்ததும் உள்ளே இருக்கிற ஒருவர் "வந்துட்டியா?" என்று கேட்பார். துணியைக் கொண்டுவந்தவர் நோயாளிக்குப் பதிலாக "வந்துட்டேன்" என்பார். அதோடு முடிந்தது.

யாழினி குதித்திருக்கிறாள். "சித்தி, அம்மாவோட மூளை வீங்கியிருக்கு. மருந்து போவுது. எலுமிச்சம்பழம் என்னா செய்யும்?" என்றாளாம். பாக்கியம் அவளோடு வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து என் அழுக்குத் துணிக்கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மதியம் அந்த முடிச்சோடு தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை. மணியத்தையே பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கூச்ச சுபாவம், கோயிலில்கூட சத்தமாகச் சாமி கும்பிட மாட்டார். ஜாகாவையும் இரண்டு நர்ஸ் மிஸ்ஸிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "வந்துட்டியா, சரோ?" என்று கேட்டாராம். "வந்துட்டேன்" என்றாள் பாக்கியம். யாழினி எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டாள்.

அதற்கு மறுநாள் நான் கண் விழித்தேன்.

மருந்து வேலை செய்யத் தொடங்க அத்தனை நாள் ஆகும், கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். பாக்கியம் தோட்டத்து முனியாண்டிக்குச் சுருட்டு வாங்கி வைத்தாள். இரண்டு தரப்பும் தங்களுக்குத்தான் வெற்றி என்று நிம்மதியாக இருந்தார்கள். நான் வாயைத் திறக்கும்வரை.

தொண்டைக் குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றியபின் நான் பேசிய முதல் வார்த்தை எனக்கே நினைவிருக்கிறது. ஜன்னலோரக் கட்டில். யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?" என்றேன்.

அவள் சிரித்தபடி அழுதாள். "அம்மா, நான்தாம்மா உன் பிள்ளை. இங்கதான் இருக்கேன்."

நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். நல்ல பெண், எங்கேயோ பார்த்த முகம் என்றுதான் தோன்றியது. "நீ இல்ல. சின்னது" என்றேன்.

அந்த முகம் சுருங்கிப்போனது. பெற்ற மகள். சாயங்காலத்துக்குள் அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் பெயர், அவள் முழங்கால் தழும்பு, அது வந்த கதை எல்லாம் திரும்பிவிட்டன. ஆனால் அந்தச் சின்னது போகவில்லை. தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீடு. ஜன்னலுக்கு வெளியே கடல், வரிசையாக மரப்படகுகள். பச்சைச் சேலைத் தூளியில் ஒரு குழந்தை. நான் பால் கொடுக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. மார்பு கனத்து வலிக்கிறது, இந்த வயதில்! நானோ லயத்தில் பிறந்து பாச்சாங் தாமான் வரிசை வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கடலோரத்தில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை.

டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "இது பொய் இல்ல ஆண்டி, பைத்தியமும் இல்ல. ஞாபகம் இருக்கிற எடத்துல கிருமி ஓட்டை போட்டுருச்சு. மூளைக்கு ஓட்டையோட இருக்கப் புடிக்காது. கையில கெடைக்கிற துணிய வச்சு ஒட்டுப் போட்டுக்கும். யாழினி குழந்தையா இருந்தது ஒரு துண்டு, எப்பவோ பாத்த வீடு ஒரு துண்டு. எல்லாம் உங்க துணிதான்."

எனக்கு அது பிடித்திருந்தது. நான் கோலா சுங்கை பாருவுக்கு எப்போதாவது மீன் வாங்கப் போவதுண்டு. அங்கே படகுகள் உண்டு, அந்த மாதிரி வீடுகளும் உண்டு. அதுதான் துண்டு என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மருந்து முடியும்வரை வார்டில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான மலாய் மக்சிக் தன் மகன் கொண்டுவரும் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளிவிடுவார். மணியம் தினமும் ரசம் கொண்டுவந்தார், அவரே வைத்த ரசம். குடித்தால் இன்னொரு நோய் வரும்போல் இருந்தது, ஆனாலும் குடித்தேன்.

அந்த நாட்களில் யாழினி நிறையப் படித்தாள். அவளுக்குப் பயம் வந்தால் படிப்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு மதியம் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சில பேரு என்னா சொல்றாங்கன்னா, நெனவு மூளைக்குள்ள உற்பத்தியாகற சாமான் இல்லியாம். பிரபஞ்சம் முழுக்க அது இருக்காம். மூளை அதுல கொஞ்சத்தப் புடிச்சு வச்சிருக்காம், அவ்வளவுதானாம்."

"நீ நம்புறியா?"

"இல்லம்மா. ஆதாரம் இல்ல. மூளை கெட்டா ஆளும் கெட்டுப்போறாங்க, அதான் கண்ணால பாக்குறோமே." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் இல்லை. நான் என் வேனைத்தான் நினைத்தேன். கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பது வேனின் காற்று. பிள்ளைகளின் வியர்வை, எண்ணெயில் பொரித்த பிசாங் கோரெங், ரப்பர் காலணி எல்லாம் கலந்து அதற்கென்று ஒரு வாசம் இருக்கும். கதவைத் திறந்து போட்டுவிட்டு ஒரு வாரம் எங்கேயோ போய்விட்டால்? திரும்ப வந்து சாத்தும்போது உள்ளே அகப்படுவது அதே காற்றா? வேன் அதே வேன்தான். இதை யாழினியிடம் சொல்லவில்லை, பாவம், அவள் ஏற்கெனவே இளைத்துப் போயிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குட்டு உடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாக்கியம் தோட்டத்துக் கீரையும் மரவள்ளிக்கிழங்கும் கொண்டு வந்திருந்தாள். எல்லாரும் சமையலறையில் இருந்தோம். மணியம், கிளேபாங் கடைக்காரருக்கு நன்றி சொல்லப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பணம் குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாரு. இவ விழுந்த எடத்தையும் காட்டுனாரு."

பாக்கியத்தின் கையில் இருந்த கத்தி கிழங்கின்மேலேயே நின்றது. "கிளேபாங்கா? அக்கா இங்கதானே மாமா விழுந்துச்சு? அந்த டிராஃபிக் லைட்டுகிட்ட? வேன் அங்கதானே நின்னுச்சு?"

மணியத்தின் நண்பர் கிளேபாங்கிலிருந்து வேனை ஓட்டி வந்திருக்கிறார். வழியில், பாச்சாங் முச்சந்தியில் வேன் நின்றுபோனது. புல்தரையில் ஓரங்கட்டிவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் போய்விட்டார். சேதி கேட்டுத் தோட்டத்திலிருந்து வந்த அன்று பாக்கியம் பாதி புல்லிலும் பாதி ரோட்டிலுமாக நின்ற வேனைப் பார்த்தாள், இதுதான் இடம் என்று முடிவு கட்டினாள், பிறகு அங்கேயே போய் நின்று கூப்பிட்டுவிட்டாள். அதற்கு முந்தின மாதம்தான் அதே முச்சந்தியில் மோட்டாரில் போன ஒரு பெண் லோரியில் அடிபட்டுச் செத்திருந்தாள். ஊரே பேசிய சேதி.

யாழினிதான், கிண்டலாகவே கேட்டாள், "சரி சித்தி, பேரச் சொல்லித்தானே கூப்பிட்டீங்க? சரோஜான்னா சரோஜாதானே வரணும்?"

பாக்கியம் கத்தியைக் கீழே வைத்தாள். "பேரச் சொல்லி எப்படிடி கூப்புடுவேன்? எங்கக்காவ நான் பேரு சொன்னதே இல்லியே. 'அக்கா, வாக்கா, வீட்டுக்குப் போவலாம்'னுதான் கூப்பிட்டேன்."

இந்த நாட்டில் கடைக்குப் போனாலும் பஸ் ஏறினாலும் நம்மைவிட ஒரு வயது மூத்தவள் எல்லாம் அக்காதான். யாழினியின் உதட்டில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. நான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் மணியம், அதுவரை கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார். "சரோ, ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து பாக்குறேன். ஏன் நிக்கும்போதெல்லாம் இப்படி ஆடிக்கிட்டே நிக்கிற?"

குனிந்து பார்த்தேன். என் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூங்கப் பண்ணுகிறவள் ஆடுவாளே, அப்படி ஆடிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வந்த நாட்கள் ஆஸ்பத்திரியைவிட மோசம். பாக்கியம் போனில் அழுதாள். அந்தப் பெண்ணை முச்சந்திக்கே திருப்பி அனுப்ப வேண்டும், பிறகு கிளேபாங்குக்குப் போய் உன்னைக் கூப்பிட வேண்டும் என்றாள். அனுப்புவதா? யாரை? மணியம் வைக்கிற ரசத்தைக் குடிக்கிறவள், யாழினி வரும் நேரத்துக்கு வாசலைப் பார்க்கிறவள், இதை எழுதிக்கொண்டிருக்கிறவள், இவள் அந்தப் பெண்ணாக இருந்துவிட்டால்? அனுப்பியபின் கிளேபாங்கில் ஒருவரும் இல்லாமல் போய்விட்டால்? சாவைப் பற்றி எனக்கு ஆஸ்பத்திரியில் பயம் வரவில்லை. என் சொந்த வீட்டில், என் சொந்தத் தங்கையின் கையால் வெளியே அனுப்பப்படுவேனோ என்றுதான் பயந்தேன்.

மணியம் விசாரித்துக்கொண்டு வந்தார். அடிபட்ட பெண் தொழிற்சாலையில் வேலை செய்தவள், கல்யாணம் ஆகவில்லை, குழந்தை குட்டி கிடையாது. யாழினிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தியாம்மா? டாக்டர் சொன்னதுதான் சரி. எல்லாம் உன் துணிதான்." சித்திக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

"அந்த ரோட்டுல ஒருத்தி மட்டுமாடி செத்தா?" என்றாள் பாக்கியம். "சாவாதவங்ககூட அங்க நிப்பாங்க."

கோலா சுங்கை பாருவுக்குப் போய் அந்த வீட்டைத் தேடிப் பார்த்துவிடலாமா என்று மணியம் கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போது மீனைக்கூட ஊர்ப் பாசாரில்தான் வாங்குகிறோம். போய், அந்த வீடு அங்கே இருந்துவிட்டால்?

பாக்கியம் அடுத்த முறை வந்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாப்பிடுவதில்லை என்று அவள் பிள்ளைகள் சொன்னார்கள். அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, தரையைப் பார்த்தே பேசினாள். "நான் அனுப்பறேன்னு சொன்னதெல்லாம் விட்டுருங்க. நீங்க யாரா இருந்தாலும் எங்க மாமாவ நல்லாத்தான் பாத்துக்கிறீங்க." எந்த நாளும் என்னை வாக்கா போக்கா என்கிறவள், 'நீங்க' போட்டுப் பேசுகிறாள்! "ஆனா எங்கக்கா அங்க வெயில்ல நிக்கிறாளே. யாராவது கூப்பிட வருவாங்கன்னு நிக்கிறாளே. அவளும் வரட்டுமே. நீங்களும் இருங்க, அவளும் இருக்கட்டும்."

"அடிப் பாவி" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். வேறு என்ன சொல்வது? அறிவியல் சொல்ல எனக்குத் தெரியாது. நான்தான் உன் அக்கா என்று சத்தியம் பண்ண வாய் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கிளேபாங்குக்குப் போனோம். மணியம் காடியை ஓட்டினார். உடம்பு வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று பாக்கியம் சொல்லிப் பார்த்தாள், நான் கேட்கவில்லை. விழுந்தவள் நான், இடத்தையாவது பார்க்கிறேன் என்று பிடிவாதமாகப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். தேங்காய் ஷேக் வாங்க ரோடுவரை கூட்டம். சுற்றுலாக்காரர்கள், பலூன், காடி ஹோர்ன். அந்தச் சந்தடிக்கு நடுவில், கடைக்காரர் காட்டிய மரத்தடியில், பாக்கியம் என் பழைய சட்டையையும் எலுமிச்சம்பழத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லாத பெயர். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சரோஜா!" என்று கூப்பிட்டாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சரோஜா, வா. வீட்டுக்குப் போவலாம் வா." மூன்றாவது தடவை கூப்பிடும்போது அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. பாக்கியம் என் பக்கத்தில் உட்காராமல், எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்தாள். நானும் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.

வீட்டு வாசலில் யாழினி நின்றாள். அவள் கேட்க மாட்டாள், கேட்டாலும் நையாண்டியாகத்தான் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். கதவின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. "வந்துட்டியாம்மா?" என்றாள்.

பதில் சொல்ல வேண்டிய பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீயே சொல் என்கிற பார்வை. மணியம் செருப்பைக் கழற்றாமல் நின்றார். பக்கத்து வீட்டுப் பூனை சுவர்மேல் நடந்து போனது. மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"வந்துட்டேன்" என்றேன்.

யாழினி ஓடி வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாக்கியம் "அக்கா, அக்கா" என்று என் கையைப் பிடித்து முத்தமிட்டாள், பழையபடி வாக்கா போக்கா என்றாள். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். மணியம் ரசம் வைக்கப் போனார், தடுத்துவிட்டேன். வீடு வீடாகிவிட்டது. இப்போதும் நான் சில சமயம் ஆடிக்கொண்டு நிற்கிறேன். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒன்றை மட்டும் அவர்கள் யாருக்கும் சொல்லவில்லை. யாழினி தாங்க மாட்டாள், பாக்கியத்திடம் சொல்லவே முடியாது, டாக்டரிடம் சொன்னால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார். முதல் தடவை பாக்கியம் முச்சந்தியில் நின்று கூப்பிட்டாளே, அது எனக்குக் கேட்டது. எங்கே இருந்து கேட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. அங்கே இடம் என்று ஒன்று இல்லை. நான் மட்டும் என்றும் இல்லை, நிறையப் பேர் இருந்தோம். "அக்கா, வாக்கா" என்று ஒருத்தி அழுதாள். யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்ற நினைப்பே இல்லை. யாருடைய அக்காவோ, அவள் போவாள் என்று எல்லாரும் சும்மா இருந்தோம். மறுபடியும் கூப்பிட்டாள். ஒருவரும் போகவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது கேட்கச் சகிக்கவில்லை. பாவம், இப்படி அழுகிறாளே, யாராவது போகக் கூடாதா என்று நினைத்தேன். பிறகு நானே போனேன்.